நெட் நன்றாகத்தான் இருக்கிறது, படம் மட்டும் ஏன் உதறுகிறது? ரெஃப்ரெஷ் ரேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தாய்மாமா 55 இன்ச் டிவி வாங்கி, அதில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கையும் (நெட்டிலிருந்து படங்களை டிவிக்குக் கொண்டுவரும் சின்னக் கருவி) செருகிய வாரமே எனக்குப் போன் செய்தார். "மாப்ள, நெட்டு சரியில்ல போல. படம் இழுத்து இழுத்து ஓடுது."

போய்ப் பார்த்தேன். நெட் 100 எம்பிபிஎஸ் வருகிறது. சுற்றும் வட்டம் ஒரு முறைகூட வரவில்லை. ஆனால் கேமரா ஒரு தென்னந்தோப்பை இடமிருந்து வலமாகக் காட்டும்போது மரங்கள் வழுக்கிக்கொண்டு போகாமல் நின்று நின்று தாவிப் போயின. அதற்குள் மாமா நெட்காரரை இரண்டு முறை வரவழைத்துவிட்டிருந்தார், பாவம். குறை நெட்டில் இல்லை, டிவியிலும் இல்லை. ஸ்டிக்கின் செட்டிங்ஸில் ஒரே ஒரு சுவிட்ச் ஆஃபில் கிடந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் சொந்தக்காரர்களும் நண்பர்களும் இதைப் பற்றிக் கேட்ட கேள்விகளைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

ஃபிரேம் ரேட், ரெஃப்ரெஷ் ரேட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஃபிரேம் ரேட் வீடியோவுக்கு உரியது: ஒரு வினாடிக்கு எத்தனை படங்களாக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது. ரெஃப்ரெஷ் ரேட் திரைக்கு உரியது: ஒரு வினாடிக்கு எத்தனை முறை திரை தன் படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. இதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். சினிமா 24 ஃபிரேம். ஸ்ட்ரீமிங் பெட்டியோ ஸ்டிக்கோ (இனி இரண்டையும் பெட்டி என்றே சொல்கிறேன்) டிவிக்கு அனுப்புவது பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ். சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

எண் வேறாக இருந்தால் என்ன கெட்டுப்போகும்?

24 பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் 60 இட்லி இருக்கிறது என்று வையுங்கள். ஆளுக்கு இரண்டரை. இட்லியைப் பிய்க்கக் கூடாது என்றால் என்ன செய்வீர்கள்? ஒருவருக்கு 2, அடுத்தவருக்கு 3, மறுபடி 2, மறுபடி 3 என்று வைத்துக்கொண்டே போவீர்கள். கணக்கு சரியாக முடியும், ஆனால் சமமாக இருக்காது.

பெட்டியும் அதைத்தான் செய்கிறது. ஒரு ஃபிரேமை இரண்டு முறை காட்டினால் அது திரையில் 33 மில்லி செகண்ட் நிற்கும். அடுத்ததை மூன்று முறை காட்டினால் 50 மில்லி செகண்ட் நிற்கும். முகத்தை அருகில் காட்டும் காட்சியிலோ, இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியிலோ இது தெரியாது. கேமரா மெதுவாக ஒரு பக்கமாகத் திரும்பும்போதும், படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறும்போதும்தான் கண்ணில் படும். ஒரே வேகத்தில் ஏற வேண்டிய எழுத்துகள் நொண்டி நொண்டி ஏறும். இதை ஜடர் என்கிறார்கள். மாமா 'இழுக்குது' என்று சொன்னது இதைத்தான்.

பெட்டி 60ஐ விட்டுவிட்டு 24 ஹெர்ட்ஸிலேயே அனுப்பினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சம நேரம் கிடைக்கும், நொண்டல் போய்விடும். வீடியோவின் எண்ணுக்கு ஏற்ப பெட்டி தானே ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்வதுதான் ரெஃப்ரெஷ் ரேட் ஸ்விட்ச்சிங்.

சினிமா 24 சரி. சீரியல், கிரிக்கெட், யூடியூப் எல்லாம் எத்தனை?

நம் ஊர் டிவி ஒளிபரப்பு 25, 50 என்ற கணக்கில் ஓடுவது. 1982இல் கலர் டிவி வந்தபோது இந்தியா எடுத்துக்கொண்டது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதும் இதோடு சேர்ந்தது. இங்கே 30 ஃபிரேமில் படம் பிடித்தால் சில விளக்குகள் வீடியோவில் துடிப்பது போலத் தெரியும், 25இல் பிடித்தால் அந்தத் தொல்லை குறையும். அதனால் சேனல்களுக்காக எடுக்கும் சீரியலும் நிகழ்ச்சிகளும் 25தான். நேரடி விளையாட்டு வினாடிக்கு 50 அசைவுகளாக வரும். அமெரிக்காவில் இதே கணக்கு 30, 60.

யூடியூபில் ஒழுங்கு கிடையாது. கேமரா வைத்திருப்பவர் 24இலோ 25இலோ எடுப்பார், போனில் எடுப்பவர் பெரும்பாலும் 30, கேம் விளையாடிக் காட்டுபவர் 60.

இதில் 30ம் 60ம் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒழுங்காக உட்காரும். 25ம் 50ம் உட்காராது. 50 ஃபிரேம் கிரிக்கெட்டை 60 ஹெர்ட்ஸில் அனுப்பினால் வினாடிக்குப் பத்து ஃபிரேமை இரண்டு முறை காட்டியாக வேண்டும். பவுண்டரிக்கு ஓடும் பந்தைக் கேமரா துரத்தும்போது புல்தரை உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் சினிமாவுக்காக இந்த வசதியைத் தேடி வருகிறார்கள். என்னைக் கேட்டால் நம் ஊரில் இதனால் அதிகம் லாபம் கிரிக்கெட் பார்ப்பவருக்குத்தான்.

23.976 என்று ஓர் எண்ணைப் பார்த்தேன். அது என்ன கூத்து?

அமெரிக்கர்கள் 1953இல் கலர் டிவி முறையை வகுத்தபோது, கலருக்கான சிக்னல் ஒலியோடு மோதாமல் இருக்க, 30 ஃபிரேமை ஆயிரத்தில் ஒரு பங்கு போலக் குறைத்து 29.97 ஆக்கினார்கள். அதே விகிதத்தில் 60 என்பது 59.94 ஆனது, 24 என்பது 23.976 ஆனது. கறுப்பு வெள்ளை டிவியோடு ஒத்துப்போக வேண்டும் என்று செய்த சமரசம், இன்றைக்கு 4கே வரைக்கும் பின்னாலேயே வருகிறது.

இதனால் நமக்கு என்ன? 23.976 வீடியோவைப் பெட்டி சரியாக 24.000 ஹெர்ட்ஸில் அனுப்பினால், ஏறக்குறைய 42 வினாடிக்கு ஒரு முறை ஒரு ஃபிரேம் கூடுதலாக நிற்கும். இரண்டரை மணி நேரப் படத்தில் இருநூறு தடவைக்கு மேல். கண்ணில் படுமா என்றால், தேடினால் படும். தேடாமல் இருப்பது நல்லது. நல்ல பெட்டிகள் 23.976, 24 இரண்டையும் தனித்தனியாகவே அனுப்பும்.

என் பெட்டியில் இதை எங்கே ஆன் செய்வது?

ஆப்பிள் டிவி 4கே: செட்டிங்ஸில் 'வீடியோ அண்ட் ஆடியோ', அதற்குள் 'மேட்ச் கன்டென்ட்'. அங்கே இரண்டு சுவிட்ச் இருக்கும், ஒன்று டைனமிக் ரேஞ்சுக்கு (வெளிச்சத்தின் வீச்சு: சாதாரணமானது எஸ்டிஆர், கூடியது எச்டிஆர்), ஒன்று ஃபிரேம் ரேட்டுக்கு. இரண்டையும் ஆன் செய்துவிடுங்கள். 2017 டிசம்பரில் வந்த டிவிஓஎஸ் 11.2 (அந்தப் பெட்டியின் மென்பொருள்) முதல் இந்த வசதி இருக்கிறது. மெனு ஓடும் ஃபார்மேட்டை 4கே எஸ்டிஆர் 60 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் போதும், படம் தொடங்கும்போது பெட்டியே மாற்றிக்கொள்ளும்.

ஃபயர் டிவி: 'டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ்', அதில் 'டிஸ்ப்ளே', அதில் 'மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்'. மாமா வீட்டில் ஆஃபில் கிடந்தது இதுதான்.

கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி: ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் 'டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்' பகுதியில் 'மேட்ச் கன்டென்ட் ஃபிரேம் ரேட்' இருக்கும். இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. 'சீம்லெஸ்', 'நான் சீம்லெஸ்', 'நெவர்' என்று மூன்று கொடுத்திருப்பார்கள். சீம்லெஸ் என்ற சொல் அழகாக இருக்கிறதே என்று அதைத் தொடுவோம். ஆனால் அதன் பொருள் 'திரை கறுக்காமல் மாற்ற முடிந்தால் மட்டும் மாற்று' என்பது. பெரும்பாலான டிவிகளால் அது முடியாது, ஆகவே ஒன்றுமே மாறாது. நான் சீம்லெஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

டிவிக்கு உள்ளேயே இருக்கும் ஆப்பில் பார்க்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் இந்த வேலையெல்லாம் இருக்காது. பேனல், அதாவது திரை, டிவியின் கையிலேயே இருக்கிறது, பல டிவிகள் தாமே பார்த்துக்கொள்ளும். ஸ்டிக்கில் உதறும் படம் டிவி ஆப்பில் நன்றாக ஓடினால், இந்த சுவிட்ச்தான் காரணமா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஆன் செய்தேன். ஒரு ஆப்பில் வேலை செய்கிறது, இன்னொன்றில் இல்லை. ஏன்?

பெட்டி அனுமதி கொடுக்கத்தான் முடியும், 'இந்த வீடியோ 24, மாற்று' என்று கேட்க வேண்டியது ஆப். சில ஆப்கள் கேட்பதே இல்லை. பல வருஷமாக எழுதிக் கேட்டும் சில நிறுவனங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே புதுப் பெட்டி வாங்குமுன் 'இதில் ஃபிரேம் ரேட் மேட்ச் இருக்கிறதா' என்று கேட்டால் போதாது, 'நான் தினமும் பார்க்கும் ஆப் இந்தப் பெட்டியில் அதைப் பயன்படுத்துகிறதா' என்று கேளுங்கள். ஒரே ஆப் ஒரு பெட்டியில் ஒத்துழைக்கும், இன்னொன்றில் முறுக்கிக்கொள்ளும்.

படம் தொடங்கும்போதும் முடியும்போதும் திரை இரண்டு வினாடி கறுத்துப்போகிறது. டிவி பழுதா?

பழுது இல்லை. ஹெர்ட்ஸ் மாறும்போது பெட்டியும் டிவியும் ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக மறுபடி முதலிலிருந்து பேசிக்கொள்கின்றன: என்ன அளவு, என்ன வேகம், காப்புரிமைப் பூட்டு சரியா என்று. அது முடியும்வரை திரை கறுப்புதான். நடுவில் ஹோம் தியேட்டர் ரிசீவர் இருந்தால் மூன்று பேர் பேச வேண்டும், இன்னும் கொஞ்சம் கூடும். பேசி முடிப்பதற்குள் படம் ஓடத் தொடங்கி, முதல் வசனத்தின் பாதி போய்விடுவதும் உண்டு. அதற்கு நேரம் ஒதுக்கி அமைத்துக்கொள்ளும் வசதி கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயர் ஆப்பில் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இந்தக் கறுப்பைப் போக்கத்தான் ஹெச்டிஎம்ஐ 2.1இல் கியூஎம்எஸ் என்ற வசதி வந்தது. கேமுக்காகக் கொண்டுவந்த, ஓடும்போதே ஹெர்ட்ஸைக் கூட்டிக் குறைக்கும் விஆர்ஆர் நுட்பத்தை வைத்துக்கொண்டு, இணைப்பை அறுக்காமலேயே ஹெர்ட்ஸை மாற்றும். 2022இல் வந்த ஆப்பிள் டிவி 4கேயில் இது உண்டு. ஆனால் டிவியிலும் இருக்க வேண்டும், அப்படிப்பட்ட டிவிகள் இன்னும் குறைவு. அதோடு, கியூஎம்எஸ் ஹெர்ட்ஸ் மாற்றத்துக்கு மட்டும்தான். எஸ்டிஆரிலிருந்து எச்டிஆருக்குப் போகும்போது கறுப்பு வரத்தான் செய்யும்.

ஒரு யூடியூப் வீடியோவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும் குழந்தைகள் உள்ள வீட்டில், தாவலுக்குத் தாவல் திரை கறுத்தால் பொறுமை போய்விடும். அப்படி இருந்தால் ஆஃப் செய்துவிட்டு, சினிமா பார்க்கும் இரவில் மட்டும் ஆன் செய்யுங்கள். இதில் கௌரவப் பிரச்சினை ஒன்றும் இல்லை.

உண்மையில் மாறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பல டிவிகளில் ரிமோட்டின் இன்ஃபோ பொத்தானையோ, இன்புட் விவரத்தையோ அழுத்தினால் '3840 x 2160, 24 ஹெர்ட்ஸ்' என்பதுபோல மேலே காட்டும். வீடியோ எத்தனை ஃபிரேம் என்று யூடியூபில் பார்க்க, செட்டிங்ஸில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' இருக்கிறது. ரெசல்யூஷனுக்குப் பக்கத்தில் @25, @50 என்று எண் வரும். இரண்டும் ஒன்றாக இருந்தாலோ, டிவியின் எண் வீடியோவின் எண்ணைப் போல இரண்டு மடங்காக இருந்தாலோ சரி.

எண்ணெல்லாம் வேண்டாம் என்றால் படத்தின் கடைசிக்குப் போய் பெயர்கள் ஏறுவதைப் பாருங்கள். மாமா வீட்டில் நான் அதைத்தான் செய்தேன். முதலில் ஆஃபில் ஓட்டினேன். 'உதவி இயக்குநர்கள்' என்ற வரி துள்ளித் துள்ளி ஏறியது. ஆன் செய்து அதே இடத்தை மறுபடி ஓட்டினேன். "அட, லிஃப்ட்ல போற மாதிரி போகுதே" என்றார்.

ஆன் செய்தும் கேமரா திரும்பும்போது லேசாக உதறுகிறதே?

அது ஜடர் இல்லை, 24 ஃபிரேமின் இயல்பு. வினாடிக்கு 24 படம்தான் இருக்கிறது என்றால், ஒவ்வொன்றும் 42 மில்லி செகண்ட் அசையாமல் நிற்கும். கேமரா வேகமாகத் திரும்பினால் இரண்டு படங்களுக்கு நடுவே இடைவெளி பெரிதாகிவிடும். ஒளிப்பதிவாளர்கள் இதற்காகவே, ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏழு வினாடியாவது ஆகும்படி கேமராவைத் திருப்பு என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓஎல்இடி டிவியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அதில் புள்ளிகள் நொடியில் மாறிவிடுவதால், பழைய எல்சிடி போலப் படம் கொஞ்சம் இழுபட்டு இடைவெளியை மூடி மறைக்காது. விலை கூடிய டிவியில் உதறல் அதிகமாகத் தெரிகிறதே என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் பதில்.

அதற்குத்தானே டிவியில் மோஷன் ஸ்மூத்திங் இருக்கிறது? அதைப் போட்டால் போதாதா?

அது வேறு வேலை. ஸ்விட்ச்சிங் இருக்கிற ஃபிரேமைச் சமமாகப் பரிமாறுகிறது. ஸ்மூத்திங் இல்லாத ஃபிரேமைக் கற்பனை செய்து நடுவில் செருகுகிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதிகமாகப் போட்டால் கோடிக்கணக்கில் செலவழித்த சினிமா, வீடியோ கேமராவில் எடுத்த கல்யாண கேசட் மாதிரி ஆகிவிடும். வேகமாகக் கை வீசும் இடத்தில் கையைச் சுற்றி நீர்க்கோலம் போல ஒன்று கலங்கும். நடிகர் டாம் குரூஸ் 2018 டிசம்பரில் இதை அணைக்கச் சொல்லியே ஒரு வீடியோ போட்டார். அடுத்த ஆண்டு, ஒரே தொடுகையில் இதையெல்லாம் அணைக்கும் 'ஃபிலிம்மேக்கர் மோட்' அறிவிக்கப்பட்டது.

சினிமாவுக்கு நான் அணைத்துத்தான் வைப்பேன். ஓஎல்இடியில் உதறல் கண்ணை உறுத்தினால் பத்தில் ஒன்று, இரண்டு என்று லேசாக வையுங்கள். கிரிக்கெட்டுக்குப் போட்டுக்கொண்டால் யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள்.

120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. 120ஐ 24ஆல் வகுத்தால் சரியாக 5, 30ஆல் வகுத்தால் 4. ஆனால் பெட்டி அனுப்புவதே 60 என்றால், இட்லி ஏற்கெனவே 2, 3 என்று இலையில் விழுந்தாயிற்று. சில டிவிகள் அந்த 2, 3 வரிசையைக் கண்டுபிடித்துப் பிரித்தெடுத்து மறுபடி 24 ஆக்கும். எப்போதும் வெற்றி பெறும் என்று சொல்ல முடியாது. 25ம் 50ம் 120க்குள் எப்படியும் அடங்காது. பெட்டி 50 அனுப்பினால் டிவி பேனலை 100இல் ஓட்டிச் சமாளிக்கும், அதற்கும் பெட்டி மாறியாக வேண்டும். அப்புறம், டிவிப் பெட்டியின் அட்டையில் 'மோஷன் ரேட் 240' என்பதுபோல ஏதாவது எழுதியிருந்தால் அது பேனலின் ஹெர்ட்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் பேனலுக்கும் அப்படி எழுதுகிறார்கள்.

எச்டிஆரை எப்போதும் ஆனில் வைக்கலாமா?

வேண்டாம். எஸ்டிஆரில் எடுத்த பழைய படத்தையும் சீரியலையும் பெட்டி எச்டிஆர் உறைக்குள் திணித்து அனுப்பும்போது நிறமும் வெளிச்சமும் அதன் கணக்குப்படி மாறும். முகம் மஞ்சள் பூசியதுபோல ஆகலாம், கறுப்பு சாம்பலாக வெளுக்கலாம். ஆப்பிளில் 'மேட்ச் டைனமிக் ரேஞ்ச்', ஃபயர் டிவியில் 'அடாப்டிவ்' என்று வைத்தால் எச்டிஆர் படத்துக்கு மட்டும் எச்டிஆர் வரும். டிவியின் ஹெச்டிஎம்ஐ இன்புட் செட்டிங்கில் 'என்ஹான்ஸ்டு' போன்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். அது ஆஃபில் இருந்தால் சில டிவிகள் 4கே 60 எச்டிஆரை ஏற்றுக்கொள்ளவே மாட்டா.

கேபிளை மாற்ற வேண்டுமா?

இருக்கும் கேபிளில் ஓடினால் வேண்டாம். ஓடாதபோதுதான் கவனிக்க வேண்டும். நான் ஒரு கடையில் '4கே' என்று எழுதியிருந்த ஐந்து மீட்டர் கேபிளை வாங்கி, சுவருக்குள் பதித்தும்விட்டேன். படம் அருமையாக ஓடும். படத்தை நிறுத்தி மெனுவுக்கு வந்தால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், சில சமயம் மொத்தமாகக் கறுக்கும். பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது: படம் 24 ஹெர்ட்ஸ், மெனு 60 ஹெர்ட்ஸ். 4கே 24க்கு 4கே 60க்குத் தேவைப்படும் வேகத்தில் பாதி போதும். கேபிளால் பாதியைத்தான் தாங்க முடிந்திருக்கிறது. 18 ஜிபிபிஎஸ் தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' கேபிள் போட்டதும் சரியாயிற்று, சுவரை உடைத்த செலவு தனி. 4கே 120 வேண்டுமென்றால் 48 ஜிபிபிஎஸ்ஸுக்கான 'அல்ட்ரா ஹை ஸ்பீடு'.

பென்டிரைவில் இருக்கும் படங்களைக் கோடியில் பார்க்கிறேன். அதில்?

கோடியில் இந்த வசதி பல வருஷமாக உண்டு. செட்டிங்ஸ், பிளேயர், வீடியோஸ், அங்கே 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்'. 'ஆன் ஸ்டார்ட் / ஸ்டாப்' என்று வைத்தால் படம் தொடங்கும்போது மாறி, முடிந்ததும் பழையபடி ஆகிவிடும். 'பாஸ் டியூரிங் ரெஃப்ரெஷ் ரேட் சேஞ்ச்' என்பதை இரண்டு மூன்று வினாடி வைத்தால், திரை கறுத்திருக்கும் நேரத்தில் படம் காத்திருக்கும், முதல் வசனம் போகாது. 'சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே' என்பதைத் தொட வேண்டாம். அது திரைக்கு ஏற்ப ஒலியின் வேகத்தை நுணுக்கமாக மாற்றும், ரிசீவருக்கு டால்பி ஒலியை அப்படியே அனுப்புவதோடு ஒத்துப்போகாது.

எல்லாம் செய்தும் படம் அவ்வப்போது குதிக்கிறது.

எப்படிக் குதிக்கிறது என்று பாருங்கள். ஜடர் தாளம் தப்பாமல் வரும். வட்டம் சுற்றினாலோ, படம் மங்கித் தெளிந்தாலோ நெட். தாளமே இல்லாமல் திடீர் திடீரென்று குதித்து, ரிமோட்டும் மந்தமாகிவிட்டால் பெட்டியால் வீடியோவைப் பிரித்துக் காட்ட முடியவில்லை. பழைய ஸ்டிக்கில் ஏவி1 போன்ற புது வகை வீடியோவுக்கான சிப் வசதி இருக்காது, முக்கி முக்கி ஓட்டும். டிவிக்குப் பின்னால் காற்றே படாமல் செருகியிருந்தால் சூடும் சேரும். ஸ்டிக்கோடு வந்த சின்ன ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயரைத் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

டிடிஎச் பெட்டிக்கும் இதெல்லாம் உண்டா?

தேவைப்படாது. அதில் வருவது முழுக்க 50 கணக்கு. அதன் செட்டிங்ஸில் வெளியீடு '1080i 50' என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். யாராவது 60க்கு மாற்றி வைத்திருந்தால் திருப்பி 50க்கு வையுங்கள்.